அவ்வா மேடையேறிய மத்தியானம்

எங்கள் அவ்வா வாயைத் திறந்தால் தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அவ்வா என்றால் எங்கள் வீட்டுப் பேச்சில் அம்மா. தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டு, இன்றைக்கு யாருக்கு மண்டகப்படி என்று கேட்பதற்கென்றே எங்கள் வாசலில் குந்துகிற பெண்கள் இருந்தார்கள். பாதி நாள் மண்டகப்படி எனக்குத்தான். மீதி நாள் காக்காய்க்கு, மழைக்கு, வேகாத பருப்புக்கு, அப்பாவுடைய சோம்பேறிக் கிடாரிக்கு. வடகத்தைத் தூக்கிக்கொண்டு போன காக்காயைப் பார்த்து, “ஏன் சொல்லாமக் கொள்ளாம எடுத்துக்கிட்டுப் போற, நீ என் மாமியார் வீட்டுச் சொந்தமா?” என்று கேட்பாள். கேட்ட பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இதைத் தமிழில் எழுதிப் பார்த்தால் சுமாராகத்தான் இருக்கிறது. எங்கள் பேச்சில் அந்தக் கடைசிச் சொல்லை அவள் ஒரு இழுப்பு இழுப்பாள் பாருங்கள், அதை எழுத என்னிடம் எழுத்து இல்லை.

அவள் அப்படிப் பேசி நான் கடைசியாகக் கேட்டது கம்பத்துச் சந்தைத் திடலில், ஒரு மத்தியான வேளையில், தேயிலைப் பெட்டிமேல் அவள் நின்றுகொண்டிருந்தபோது. தமிழைக் காப்பாற்றுவதற்காகப் பேசினாள். அதோடு சரி.

எங்கள் ஆட்கள் எந்தக் காலத்திலோ, எந்த ராஜாவுக்குப் பயந்தோ, மாடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கேயிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர்களாம். எத்தனை தலைமுறை என்று யாரைக் கேட்டாலும் கையை விரிப்பார்கள். வீட்டுக்குள் பேசியது கன்னடம். மைசூர்க்காரன் யாராவது கேட்டால் இதுவா கன்னடம் என்று தலையைச் சொறிவான், அது வேறு விஷயம். கடையில் தமிழ், கோயிலில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் வீட்டுப் பேச்சு. இரண்டு பாஷை இருக்கிறது என்கிற நினைப்பே எனக்குக் கிடையாது. வெளியே ஒரு மாதிரி பேச வேண்டும், உள்ளே ஒரு மாதிரி பேச வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வா பிறந்தது மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஆட்கள் மட்டுமே குடியிருந்த ஒரு சின்ன ஊர். வாக்கப்பட்டுக் கம்பத்துக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தமிழ். அதுவும் சந்தைத் தமிழ். அதில் விலை கேட்பாள், வழி கேட்பாள், களையெடுக்க வருகிற பெண்களுக்கு வேலை சொல்லுவாள். அந்தத் தமிழில் கேலி பேச அவளுக்கு வராது. கோபப்படவும் வராது. தமிழில் பேசும்போது அவள் குரலே இறங்கிவிடும், யாரோ வீட்டுக்கு விருந்துக்கு வந்தவளைப் போல.

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஏலக்காய் மண்டியில் கணக்குப்பிள்ளை. வீட்டிலேயே நாலெழுத்துப் படித்தவர் அவர் ஒருத்தர்தான் என்பதால் வாசலுக்கு வருகிற சங்கதிகளெல்லாம் அவர் வழியாகத்தான் உள்ளே வரும். அந்த வருஷம் பெரிய பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கட்டாயம் இந்தி படிக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டணத்தில் மறியல் நடக்கிறது, ஜெயிலுக்குப் போகிறார்கள், கைக்குழந்தையோடு பொம்பளைகள் போகிறார்கள் என்று தினம் ஒரு சேதி கொண்டுவந்தார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, “இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல நுழையும். நாளைக்கு அடுப்படிக்கு வரும். அப்புறம் பெத்தவகிட்ட என்ன பேசுறதுன்னு தெரியாம நம்ம பிள்ளைக முழிக்கும்” என்றார்.

அவ்வா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. “பெத்தவகிட்டயா?” என்று கேட்டாள். ஆமாம் என்றார் சித்தப்பா. இடுப்பை விட்டு இறங்காத என் தம்பியை அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் அப்போது இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை, உமியை வாரி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அவ்வா அவன் வாயில் விரலை விட்டு உமியை எடுத்துவிட்டு, கூட்டம் எப்போது, நானும் வருகிறேன் என்றாள்.

இவ்வளவையும் அவர்கள் பேசிக்கொண்டது எங்கள் பேச்சில்தான். அதில் இருந்த வேடிக்கை அன்றைக்கு வீட்டில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

கூட்டத்தை மத்தியானச் சோற்று வேளையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மண்டி முதலாளி கதர்க்கட்சி, உத்தரவு போட்டதே அந்தக் கட்சி சர்க்கார்தான். லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார். சாப்பாட்டுக்கு விடுகிற நேரத்தில் கணக்குப்பிள்ளை எங்கே போனான் என்று யாரும் கேட்க முடியாது அல்லவா? மூட்டை தூக்குகிறவர்கள், கடைச் சிப்பந்திகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், சந்தைக்கு வந்த சனங்கள் எல்லாரும் ஓய்ந்து நிற்கிற நேரமும் அதுதான். ஆளாளுக்குச் சோற்றுத் தூக்கோடு வாருங்கள், ஊர்வலம் போய்க் கூட்டம் முடிந்ததும் திடலிலேயே சாப்பிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம் என்று சித்தப்பா ஏற்பாடு செய்திருந்தார். சர்க்காரை எதிர்க்க எங்கள் ஊருக்குக் கிடைத்த அவகாசம் சாப்பிடுகிற நேரம் மட்டும்தான்.

மணி அடித்ததும் நான் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். ஊர்வலம் அதற்குள் கடைத்தெருவில் திரும்பிவிட்டது. முன்னால் சித்தப்பாவும் மண்டி ஆட்களும். பின்னால் எங்கள் தெருப் பெண்கள். அவ்வாவின் இடுப்பில் தம்பி, கையில் வயலில் இருக்கிற அப்பாவுக்குக் கொண்டுபோக வேண்டிய தூக்குவாளி. கூட்டம் முடிந்த கையோடு அப்படியே வாய்க்கால் கரை வழியாக வயலுக்குப் போய்விடலாம் என்று எடுத்து வந்திருந்தாள். நான் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். தமிழ் வாழ்க! இந்தி ஒழிக! அடேயப்பா, அப்படிக் கத்துவதில் ஒரு சுகம் இருந்தது. வீட்டில் கத்தினால் அடி விழும், இங்கே கத்தக் கத்தப் பெரியவர்கள் தட்டிக்கொடுக்கிறார்கள். இந்தி என்றால் கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அந்தத் தெருவில் கத்தியவர்களில் எங்கள் ஆட்கள் வீட்டில் பேசுவது கன்னடம். அடுத்த தெருக்காரர்களுக்குத் தெலுங்கு. மூட்டை தூக்குகிறவர்களில் குமுளிப் பக்கமிருந்து வந்தவர்களுக்கு மலையாளம். யாரும் வேஷத்துக்குக் கத்தவில்லை. எல்லாரும் மனசாரத்தான் கத்தினோம். பிழைத்த மண், பேசிப் பழகிய பாஷை, அதற்கு ஒரு ஆபத்து என்றால் ஆத்திரம் வராதா?

திடலில் இரண்டு தேயிலைப் பெட்டிகளைச் சேர்த்துப் போட்டு மேடை ஆக்கியிருந்தார்கள். மதுரையிலிருந்து ஒரு அம்மாள் பேச வருவதாகச் சித்தப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பொம்பளை மேடையேறிப் பேசுவதைப் பார்க்கவென்றே பாதிக் கூட்டம் சேர்ந்திருந்தது. அந்த அம்மாள் வரவில்லை. பஸ் ஆண்டிபட்டிக் கணவாயில் நின்றுவிட்டதாம். எதிரே வெற்றிலைக் கடையில் கதர்ச்சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் நின்று, “எங்கப்பா உங்க பொம்பளைப் பேச்சு? புளுகுனாகளா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்த தலைவர் நிழல் பார்த்து நின்று வியர்வையைத் துடைத்தார். சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொருத்தராகத் தூக்கைத் திறக்கப் பார்த்தார்கள்.

சித்தப்பாவின் கண் அவ்வாமேல் விழுந்தது. அவர் முகம் பளிச்சென்று ஆனதை நானே பார்த்தேன். அவருக்கு அவ்வாவின் வாய் ரொம்பப் பிடிக்கும். அவள் மழையை வைவதைக் கேட்டு முதலில் சிரிப்பவர் அவர்தான். இந்த ஊரில் இவளை மிஞ்சிப் பேச எவள் இருக்கிறாள் என்று நினைத்திருப்பார். அதில் பொய்யே இல்லை. எந்தப் பாஷையில் என்பதுதான் அவருக்கு அந்த நேரம் நினைப்பில்லை.

“மதினி, நாலு வார்த்தை. வீட்டுல பேசுற மாதிரி பேசிட்டு இறங்கிருங்க, போதும்” என்றார்.

அவ்வா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். எங்கள் தெருப் பெண்கள் விட்டால்தானே! தம்பியை ஒருத்தி வாங்கிக்கொண்டாள், தூக்குவாளியை இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள், இரண்டு பேர் முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். பெட்டிமேல் ஏறி நின்ற அவ்வா முந்தானையை இழுத்து இழுத்துச் செருகினாள். தமிழில்தான் ஆரம்பித்தாள். “எல்லாருக்கும் கும்புடுறேன்” என்றாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. விருந்தாளிக் குரல். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. நான் என் பலகையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வெற்றிலைக் கடைப் பக்கமிருந்து ஒருத்தர் கத்தினார். “என்னத்தா, வாயி ஒட்டிக்கிருச்சா? இங்கன உனக்கென்ன சோலி? போயி அடுப்பைப் பத்த வையி!” நல்ல மனுஷர்தான் அவர். எங்கள் கொடிக்காலில் வெற்றிலை எடுப்பவர். அன்றைக்கு எங்கள் எதிர்க்கட்சி, அவ்வளவுதான்.

அவ்வாவுக்கு மூக்கு விடைத்தது. எனக்குத் தெரியும், இனிமேல் நிற்காது.

அடுப்பைப் பற்றவைத்து ஆக்கி வடித்துவிட்டுத்தான் வந்தேன், உன் வீட்டில் புகை வருகிறதா என்று நீ போய்ப் பார் என்று ஆரம்பித்தாள். கோபம் அவளுக்கு ஒரே ஒரு பாஷையில்தான் வரும். அந்தப் பாஷையில் வந்தது. என் பிள்ளை விழுந்து எழுந்தால் அவ்வா என்று என்னைத்தான் கூப்பிட்டு அழுகிறது, எப்படிக் கூப்பிட்டு அழ வேண்டும் என்று பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் உத்தரவு போடுவானோ என்று கேட்டாள். அவன் வந்து என் பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிடுவானா, என் மகளுக்குப் பேன் பார்ப்பானா என்று கேட்டாள். நான் இவளை இத்தனை வசவு வைகிறேனே, அதில் ஒன்றுகூட இவளுக்குப் புரியாமல் போய்விட்டால் நான் எதற்கு இவளைப் பெற்றேன், ஒரு ஊமை மாட்டைக் கட்டி வளர்த்திருக்கலாமே என்றாள். என்னைக் கையைக் காட்டித்தான் சொன்னாள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

எங்கள் தெருப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள், வெற்றிலைக் கடையில் ஒருத்தர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பெரிதாகப் பெரிதாக அவ்வாவுக்கு உற்சாகம் ஏறியது. தெருவில் எப்படியோ அப்படித்தான் இங்கேயும் என்று நினைத்துவிட்டாள். கையை நீட்டி, தலையைச் சாய்த்து, சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருத்தர் எங்கள் வீட்டுக்கு வந்து தம்பியைத் தூங்கவைக்கப் பாடுபடுவதுபோல நடித்துக் காட்டினாள். அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாக.

“என்னப்பா, மலையாளத்துக்காரியா?” என்று யாரோ கேட்டார்கள்.

“கன்னடம்டா! தமிழைக் காப்பாத்துறதுக்குக் கன்னடத்துல சண்டை போடுதுடா!”

அதற்குப் பிறகு வந்த சிரிப்பில்தான் எங்கள் தெருப் பெண்களின் சிரிப்பு நின்றது. உத்தமபாளையத்துத் தலைவர் சித்தப்பாவின் காதில் ஏதோ சொன்னார். சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. அவர் போய் அவ்வாவின் முழங்கையைத் தொட்டு, “போதும் மதினி, இறங்குங்க” என்றார். அவ்வா வாய் நிறையச் சிரிப்போடு திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை ஒருதரம் பார்த்தாள், சந்தையில் எதையோ தவறவிட்டவள் தேடுவது போல. இறங்கும்போது பெட்டியின் தகரம் அவள் காலைக் கிழித்தது. அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தம்பியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அவள் பின்னாலேயே போனேன். போ என்று அவள் விரட்டாதது எனக்கு ஆச்சரியம். வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் நிறைய ஓடியது. வழியெல்லாம் நான் அவள் பேசியதைப் பேசிக் காட்டிக்கொண்டு வந்தேன். மூக்குச் சிந்தியது, பேன் பார்த்தது, ஒன்று விடவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்பா வரப்பில் உட்கார்ந்து பசியோடு காத்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று எங்கள் பேச்சில் கேட்டார்.

“நேரமாயிருச்சு” என்றாள் அவ்வா, தமிழில்.

அப்பா கையில் எடுத்த கவளத்தோடு நிமிர்ந்து பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்குள் தமிழ் புழங்கியதே இல்லை. அவள் ஏதோ கேலிக்குச் செய்கிறாள் என்று அவர் நினைத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளை வந்தால் பேசுவது மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, “அப்படிங்களா? சரிங்க, குழம்பை ஊத்துங்க” என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வரப்பிலேயே உருண்டேன். அப்பாவும் சிரித்தார். அவ்வா குழம்பை ஊற்றினாள்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். மண்டியில் முதலாளி தனக்கு ஒன்றும் தெரியாததுபோல மற்ற ஆட்கள் முன்னால் கேட்டாராம், “ஏம்ப்பா, உங்க வீட்டுல எந்தத் தமிழ்?” என்று. தலைவரும் போகும்போது முதலில் உன் வீட்டைத் திருத்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு கட்சிக்காரர்களும் ஒத்துப்போனது அன்றைக்கு அது ஒன்றில்தான். சித்தப்பா நடுவீட்டில் நின்றுகொண்டு, இனிமேல் இந்த வீட்டில் தமிழ்தான், பிள்ளைகளிடமும் தமிழ்தான் என்றார். அவ்வாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவ்வா பிடிபிடியென்று பிடிக்கப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். சித்தப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அவள் நன்றாக வைதிருந்தால் அவர் சிரித்திருப்பார், எல்லாம் அன்றோடு போயிருக்கும்.

“சரிங்க தம்பி” என்றாள்.

மறுநாளிலிருந்து நான் அவளை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று ஆனது. நாக்கு புரளாமல் கொஞ்ச நாள் சிரமமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. சித்தப்பாவின் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைத்தது மாடுகளுக்கு மட்டும். அப்பா ஏரில் பூட்டிக்கொண்டு தமிழில் அதட்டிப் பார்த்தார், அவை நகரவில்லை. சனியன்களுக்கு நம் பேச்சுத்தான் புரிகிறது என்று சித்தப்பாவிடம் வந்து சொன்னார். ஆக, உழவு நடக்கிற நாளில் வயலில் கொஞ்சம் கன்னடம் கேட்கும். அந்த மாடுகள் கிழடாகி, வேறு மாடுகள் வந்தபோது அதுவும் போய்விட்டது.

அம்மாவுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. சோறு இருக்கு. தண்ணி வைச்சிருக்கேன். பையப் போ. விளக்கு வைச்சாச்சு. இதெல்லாம் சொன்னாள். வீடு ஓட இது போதும் என்பதுதான் கொடுமை. தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், மோர் கொடுத்தாள், வேலையைப் பார்த்தாள். கொஞ்ச நாளில் அவர்கள் வேறு வாசல் பார்த்துக்கொண்டார்கள். வடகத்தைக் காக்காய் தூக்கியபோது கையில் இருந்த குச்சியை ஒரு தட்டுத் தட்டினாள், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. முன்பெல்லாம் காய்ச்சல் வந்தால் அவள் காய்ச்சலோடு சண்டை போடுவாள். யார் உனக்கு வெற்றிலை பாக்கு வைத்தது, வந்து உட்கார்ந்துகொண்டு என் பிள்ளையைத் தின்கிறாயே, எழுந்து போ என்று என் நெற்றியைப் பார்த்து வைவாள். சிரித்துச் சிரித்தே எனக்குப் பாதி இறங்கிவிடும். இந்தத் தடவை ஈரத்துணி போட்டாள். கஷாயம் கொடுத்தாள். என் நெற்றியைப் பார்த்து வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தாள், அங்கே யாரும் இல்லை. இருந்தும் வாயை மூடிக்கொண்டாள். பிறகு துணியை எடுத்து மறுபடி நனைத்தாள்.

தமிழ் பிழைத்துவிட்டது, நல்லபடியாக இருக்கட்டும். எனக்கு எழுதத் தெரிந்ததும் அதில்தான். அன்றைக்குத் திடலில் கத்திய யார்மேலும் எனக்குக் குறை இல்லை. சித்தப்பா பிற்பாடு பெரிய பேச்சாளர் ஆனார், அவர் பேசினால் வெளியூர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வீட்டுக்கு வந்தால் மதினி ஏதாவது சொல்லுங்களேன் என்று கேட்பார். சாப்பிடுங்க தம்பி என்பாள். அவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார். ஒருதரம் அவரே எங்கள் பேச்சில் அவளிடம் என்னவோ கேட்டார், பாதி வாக்கியத்தில் அவருக்கே சொல் வரவில்லை. அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அம்மா செத்துக் கிடந்தபோது வந்தவர்களிடமெல்லாம் தம்பி அழுதுகொண்டே சொன்னான், “எங்கம்மா ரொம்ப அமைதி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாக” என்று. இடுப்பில் இருந்த பிள்ளைக்கு என்ன தெரியும்? அவன் அறிந்த அம்மாவுக்கு அவன் உண்மையாகத்தான் அழுதான். எனக்கு என் அவ்வாவுக்கு அழ வேண்டியிருந்தது. அவளை அவள் பாஷையில் ஒப்புச் சொல்லி அழலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு சொல் வந்தது, அடுத்தது வரவில்லை. கேட்டவர்கள் நான் துக்கத்தில் உளறுகிறேன் என்று என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இதில் ஒரு துளியாவது அந்த வயதில் எனக்குப் புரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஒன்பது வயதுப் பெண் என்ன செய்துவிட முடியும்! காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கூடம் போன அன்றைக்கு, உடம்பு சரியில்லாமல் கிடந்தாயே, உன் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாயா என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். எங்கள் வீட்டுச் சங்கதி வகுப்புக்கே தெரியும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

“எங்கம்மா இப்பல்லாம் வையுறதே இல்லையே! ரொம்ப நல்லவகளா ஆயிட்டாக.”

அவள் தன் அம்மாவும் அப்படி ஆக வேண்டும் என்றாள். சாமிகிட்ட வேண்டிக்கோ, ஆயிருவாக என்று நான் சொன்னேன்.